ஒரே கூரை, எத்தனை வாசல்?
தென்சென்னைப் புறநகர்த் திரையரங்குகளின் உட்புற மாற்றங்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட எழுத்துவடிவம்)



1931-ஆம் ஆண்டு இந்த வட்டாரத்துக்கு இரண்டு வகையில் முக்கியமானது. அந்த ஆண்டு சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அக்டோபர் இறுதியில், சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ திரையிடப்பட்டது. ரயில் பாதையை ஒட்டிக் குடியிருப்புகள் பெருகின. குடியிருப்பு பெருகிய இடத்தில் மாலைப்பொழுதுக்கு ஒரு கொட்டகை வந்தது. தாம்பரத்தில் எம்.ஆர்., வித்யா, நேஷனல், குரோம்பேட்டையில் வெற்றி, சிட்லபாக்கத்தில் வரதராஜா, பல்லாவரத்தில் ஜனதா, நங்கநல்லூரில் வெற்றிவேல், பரங்கிமலையில் ஜோதி, மடிப்பாக்கத்தில் குமரன் என்று, வழி சொல்வதற்கே திரையரங்கின் பெயரைச் சொல்லும் பழக்கம் இந்த வட்டாரத்தில் வேரூன்றியது.

இன்றைய உரையின் பொருள் அங்கே ஓடிய படங்கள் அல்ல. அவை ஓடிய அறை. அதன் தரை, கூரை, சுவர், இருக்கை, வாசல்.

திரையரங்கின் உட்புறம் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக இடைவிடாமல் மாற்றிக் கட்டப்பட்டு வருகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தொழில்நுட்பக் காரணம் இருந்தது. ஒரு முறை தீ, ஒரு முறை அகன்ற திரை, ஒரு முறை ஒலி. ஆனால் எல்லா மாற்றங்களும் சேர்ந்து வேறொரு கேள்விக்கும் விடை எழுதிவிட்டன: யார் உள்ளே வரலாம், வந்தவர் எங்கே உட்காரலாம்? அரங்குக்குள் இருந்த வகுப்புத் தடுப்புகள் படிப்படியாக அகன்றன. அதே காலத்தில், விலை என்னும் தடுப்பு வாசலுக்கு நகர்ந்தது. இதுவே இவ்வுரையின் மையக் கருத்து. ஏழு பகுதிகளாக இதை விளக்கலாம்.

1. மணல், பெஞ்ச், சேர்

1905-இல் திருச்சிராப்பள்ளியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரத்துடன் ஊர் ஊராகக் கிளம்பினார். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். தமிழகத்தில் டூரிங் டாக்கீஸ் மரபும் கட்டடத் திரையரங்கு மரபும் அவர் ஒருவர் வாழ்விலேயே சந்தித்துக்கொண்டன.

டூரிங் கொட்டகையின் உள்ளமைப்பு எளிமையானது. மேலே கூரை, நடுவே கம்பங்கள், கீழே மணல். திரைக்கு மிக அருகில் தரை டிக்கெட், அதற்குப் பின்னால் பெஞ்ச், கடைசியில் சேர். தரையிலேயே ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்று இடுப்பளவுத் தடுப்பு ஒன்று இருக்கும்.

இந்த அமைப்பில் ஒரு தலைகீழ் மாற்றம் நடந்திருந்தது. நாடகக் கொட்டகையிலும் கச்சேரி அரங்கிலும் முன்வரிசைக்குத்தான் மதிப்பு. நடிகரின் முகபாவமும் பாடகரின் குரலும் அருகில் இருப்பவருக்கே முழுமையாகக் கிடைக்கும். சினிமாவில் முகமே பத்தடி உயரத்துக்குப் பெரிதாகிவிட்டது. அருகில் உட்கார்ந்தால் கழுத்து வலிக்கும். தள்ளி உட்கார்ந்தால்தான் படம் முழுதாகக் கண்ணில் விழும். எனவே விலை பின்னால் போகப் போக ஏறியது. ஊரின் பெரிய மனிதர், கூலி வேலை முடித்து வந்தவரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார். தமிழ்நாட்டுப் பொது நிகழ்ச்சிகளில் இது புதிய காட்சி.

ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்த தம் 1981-ஆம் ஆண்டு நூலில், தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் கூடி உட்கார்ந்த முதல் நிகழ்த்துகலைக் களம் சினிமாக் கொட்டகையே என்று சுட்டிக்காட்டினார். அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பால் வந்த படிநிலை அல்ல, டிக்கெட் வாங்கும் சக்தி என்பது அவருடைய வாதம். தமிழ்ச் சமூக வரலாற்றைப் படிப்பவர் எவரும் கடந்துபோக முடியாத கருத்து அது.

அதனோடு கட்டட வரைபடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூரை ஒன்றாக இருந்தது. வாசல்கள் ஒன்றாக இல்லை. பின்னாளில் எழுந்த நிலையான அரங்குகளில் தரை டிக்கெட்டுக்குப் பக்கவாட்டுச் சந்தில் தனி கவுண்டர் இருந்தது. ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய, இருபுறமும் சுவர் எழுப்பிய குறுகிய கியூ பாதை அங்கே கொண்டுபோய் விட்டது. பால்கனிக்கு முன்பக்கப் படிக்கட்டு, தனிக் கேண்டீன், தனிக் கழிப்பறை. தரை டிக்கெட்காரரும் பால்கனிக்காரரும் ஒரே படத்தைப் பார்த்து ஒரே இடத்தில் விசில் அடித்தார்கள். வெளியே வரும்போது வேறு வேறு தெருவில் இறங்கினார்கள்.

2. தீ வகுத்த வரைபடம்

திரையரங்கின் உட்புறத்தை முதலில் வடிவமைத்தவர்கள் கட்டடக் கலைஞர்கள் அல்லர். தீயை அஞ்சிய சட்டம்தான் அந்த வேலையைச் செய்தது. பழைய படச்சுருள் நைட்ரேட் என்னும் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனது. 1950-களின் தொடக்கம் வரை அதுவே வழக்கில் இருந்தது. பற்றினால் அணைப்பது கடினம். அந்தச் சுருள், கார்பன் குச்சிகளுக்கிடையே எரியும் வில்விளக்கின் வெப்பத்துக்கு மிக அருகில் ஓடியது.

1918-ஆம் ஆண்டின் இந்திய சினிமாட்டோகிராஃப் சட்டம் படத் தணிக்கையோடு படம் காட்டும் இடத்தின் பாதுகாப்பையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது இதனால்தான். சென்னை மாகாணத்தில் 1955-இல் திரையரங்கு ஒழுங்குமுறைச் சட்டமும் 1957-இல் அதற்கான விதிகளும் வந்தன. நிலையானவை, பகுதி நிலையானவை, டூரிங் என்று அரங்குகள் வகைபிரிக்கப்பட்டன. ஆபரேட்டர் ரூம் தீத்தாங்கும் சுவர்களுடன் தனியாக நிற்க வேண்டும். ஒளி வெளியே வரும் துளைகளுக்கு உலோக மூடி வேண்டும். வெளியேறும் கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். இருக்கைகளுக்கிடையே நடைவழி வேண்டும். நாம் இன்று இயல்பாக எடுத்துக்கொள்ளும் திரையரங்கின் எலும்புக்கூடு இந்த விதிகளில்தான் உருவானது.

சென்னை நகரத்துக்குள் உரிமம் தருபவர் காவல் ஆணையர், மாவட்டங்களில் ஆட்சியர். தாம்பரம், பல்லாவரம் அரங்குகள் நீண்ட காலம் செங்கல்பட்டு ஆட்சியரின் எல்லையில் இருந்தன. சினிமா வணிகத்திலும் இந்தப் பகுதி ‘சிட்டி’யில் சேராது, ‘செங்கல்பட்டு ஏரியா’வில்தான் சேரும். புறநகர் அரங்கு உரிமையாளர் ஒரு சுவரை இடிக்க நினைத்தால், பொதுப்பணித் துறைப் பொறியாளரின் உறுதிச் சான்று, மின் ஆய்வாளரின் சான்று, தீயணைப்புத் துறையின் ஒப்புதல் எல்லாம் சேர்ந்து ‘சி பாரம்’ என்று தொழிலில் அழைக்கப்படும் உரிமத்தில் போய் முடிய வேண்டும்.

இந்தக் கெடுபிடி வீண் என்று எண்ணுபவர்கள் இரண்டு நிகழ்வுகளை நினைவில் கொள்ள வேண்டும். 1979 ஜூலையில் தூத்துக்குடியில் ஒரு கொட்டகையில் பற்றிய தீ பல உயிர்களைக் கொண்டுபோனது. 1997 ஜூன் 13 அன்று தில்லி உப்ஹார் திரையரங்கில் ‘பார்டர்’ படம் ஓடிக்கொண்டிருந்தபோது கீழ்த்தளத்து மின்மாற்றியிலிருந்து எழுந்த புகை பால்கனியை நிரப்பியது. 59 பேர் இறந்தனர். அந்த விபத்தின் வேர் ஓர் உட்புற மாற்றத்தில் இருந்தது. 1976-இல் பால்கனியில் கூடுதல் இருக்கைகளுக்கு அனுமதி கிடைத்தது. 1979-இல் அனுமதி விலக்கிக்கொள்ளப்பட்ட பிறகும் பெரும்பாலானவை அங்கேயே நீடித்தன. எட்டு இருக்கை கொண்ட குடும்ப பாக்ஸ் ஒன்று வலப்புற வெளியேறும் வழியை அடைத்திருந்தது. சில இருக்கைகளின் வருமானத்துக்காக ஒரு நடைவழி போனது. எந்த அரங்கைப் புதுப்பிக்கும்போதும் இருக்கை வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன் நடைவழி வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

3. திரை அகன்றபோது

பழைய படத்தின் அகல உயர விகிதம் 1.37-க்கு 1. 1953-இல் அமெரிக்காவில் வந்த சினிமாஸ்கோப் அகலத்தை உயரத்தைப் போல் இரண்டரை மடங்கு அளவுக்குக் கொண்டுபோய், பின்பு 2.35-இல் நிலைத்தது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. முதல் 70 எம்.எம். படம் 1986-இல் வந்த ‘மாவீரன்’.

இந்த எண்களைச் சுவரில் வைத்துப் பார்த்தால்தான் அரங்கு உரிமையாளரின் தவிப்பு புரியும். 18 அடி உயரத் திரையில் பழைய விகிதத்துப் படத்துக்கு ஏறத்தாழ 25 அடி அகலம் போதும். அதே உயரத்தில் சினிமாஸ்கோப் காட்ட 42 அடி வேண்டும். நாடகக் கொட்டகையாகத் தொடங்கிய அரங்குகளில் மேடையின் முகப்புத் தூண்கள் இடமும் வலமும் நின்றன. அவற்றை இடித்தால் கூரையைத் தாங்குவது எது? இடிக்க முடியாதவர்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். 30 அடி அகலத்தை அப்படியே வைத்து, 22 அடி உயரத்தை 13 அடியாகக் குறைத்தார்கள். அகலத் திரை என்று விளம்பரம் செய்த படம், அந்த அரங்கில் முன்பைவிடச் சிறியதாகத் தெரிந்தது. மேலும் கீழும் கறுப்புத் துணி தொங்கியது.

இடிக்க முடிந்தவர்கள் மேடையையே எடுத்தார்கள். மேடை போனதும் அரங்கின் குணம் மாறியது. பள்ளி ஆண்டு விழா, மன்றக் கூட்டம், நாடகம் என்று பல வேலைகளுக்குப் பயன்பட்ட கூடம், படம் காட்டுவதற்கு மட்டுமான அறையாகச் சுருங்கியது. சுவரோடு சுவராகத் திரை வந்ததால் தரை டிக்கெட்காரர்களின் இடம் திரைக்கு இன்னும் நெருங்கியது. 42 அடி அகலப் படத்தை எட்டடி தூரத்தில் மணலில் உட்கார்ந்து பார்க்க முடியாது. புதிதாக எழுந்த அரங்குகளில் தரை டிக்கெட் மறைந்ததற்கும் அந்த இடத்தில் நாற்காலி வரிசைகள் வந்ததற்கும் இந்த வடிவியலும் ஒரு காரணம்.

தூண்களும் பிரச்சினையாயின. பால்கனியைத் தாங்கும் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தவர், நாயகனையோ நாயகியையோ ஒருவரை மட்டும் பார்த்தார். பின்னர் கட்டிய அரங்குகள் நீளமான கான்கிரீட் உத்திரங்களைப் போட்டுத் தூணே இல்லாத கூடத்தை உருவாக்கின. புறநகரில் நிலம் மலிவாக இருந்தது இதற்கு உதவியது.

4. ஒலி கேட்ட உறை

1890-களில் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபின், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு விரிவுரைக் கூடத்தில் ஏன் பேச்சு புரியவில்லை என்று ஆராயப் புகுந்தார். மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒலி அடங்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்தார். கூடத்தின் கொள்ளளவு கூடினால் எதிரொலி நீளும். ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் அது குறையும் என்ற விதி அங்கிருந்து பிறந்தது.

இந்த விதியைத் தமிழ்நாட்டு ரசிகர் எழுத்தில் படிக்காமலே அறிந்திருந்தார். மனித உடலும் உடையும் நன்றாக ஒலியை உறிஞ்சுபவை. ஹவுஸ் ஃபுல் காட்சியில் வசனம் தெளிவாகக் கேட்கும். அதே படத்தை வார நாள் காலைக் காட்சியில், பாதி மர நாற்காலிகள் காலியாகக் கிடக்கும் கூடத்தில் பார்த்தால் வசனம் குழறும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை பெய்தால் அதுவும் கேட்காது. பல்லாவரத்திலும் மீனம்பாக்கத்திலும் விமானம் தாழப் பறந்தால் ஒரு வசனம் போயிற்று என்று பொருள்.

திரைக்குப் பின்னால் ஒரே ஒலிபெருக்கி இருந்த காலத்தில் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள். 1995-இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோவில் வந்தது. 1996-இல் ‘கருப்பு ரோஜா’ டி.டி.எஸ். ஒலியுடன் வந்தது. சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம் அந்தத் தொழில்நுட்பத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்து அரங்குகளில் பொருத்தியது. ஒலி இப்போது முன்னாலிருந்து மட்டும் வரவில்லை. பக்கச் சுவர்களிலிருந்தும் பின்னாலிருந்தும் வந்தது. ஒவ்வொரு திசையிலிருந்தும் வரும் ஒலி பிரிந்து கேட்க வேண்டுமென்றால் எதிரொலி ஒரு நொடிக்கு அருகிலோ அதற்குக் கீழோ அடங்க வேண்டும்.

‘டி.டி.எஸ்.’ என்ற மூன்றெழுத்தைச் சுவரொட்டியில் போடுவது எளிது. அதற்குக் கூடத்தைத் தயார்செய்வது கடினம். வெறும் சாந்து பூசிய சுவர்களில் கண்ணாடிக் கம்பளி வைத்துத் துணி போர்த்தினார்கள். கூரைக்குக் கீழே ஒரு பொய்க்கூரை தொங்கியது. வாசலில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரட்டைக் கதவுகள் வந்தன. மர நாற்காலிக்குப் பதில் மெத்தை நாற்காலி வந்ததற்கு வசதி மட்டும் காரணமில்லை: மெத்தை வைத்த காலி நாற்காலி, ஆள் உட்கார்ந்த நாற்காலிக்கு ஏறத்தாழச் சமமாக ஒலியை உறிஞ்சும். கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒலி ஒரே மாதிரி இருக்கும். 2012-இல் வந்த டால்பி அட்மாஸ் ஒலிபெருக்கிகளைக் கூரையிலும் ஏற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் ‘சிவாஜி 3டி’ அட்மாஸ் ஒலியுடன் வெளியானது. கூரையிலும் ஒலிபெருக்கிகள் தொங்க வேண்டும் என்றானபோது பழைய அரங்குகள் பலவற்றில் இரும்புச் சட்டங்களையே மாற்ற வேண்டியிருந்தது.

5. அடைத்த சன்னல்கள், அகன்ற நாற்காலிகள்

ஒலியை அடைக்கச் சுவரை மூடினால் காற்றுக்கு வழி வேண்டும். மின்விசிறியும் மேல்சன்னலும் இருந்த கூடத்தை மூடிக் குளிர்சாதனம் பொருத்துவது அரங்கின் வாழ்க்கையிலேயே பெரிய செலவு. அதற்கு முன், இரண்டாம் ஆட்டத்தின் வசனம் சன்னல் வழியே பக்கத்துத் தெரு வரை கேட்கும். டிக்கெட் வாங்காதவரும் கதை அறிந்திருந்தார். சன்னல் அடைபட்டதும் அரங்குக்கும் தெருவுக்கும் இருந்த அந்த உறவு அறுந்தது. 2008 அக்டோபரில் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை நாடு முழுவதும் வந்தபின் உள்ளே காற்றும் தெளிந்தது. குடும்பத்தோடு வருவோர், குறிப்பாகப் பெண்கள், இந்த மாற்றங்களை வரவேற்றார்கள் என்பதை மறைக்கக் கூடாது. பழைய அரங்கை ஏக்கத்தோடு மட்டும் நினைப்பவர்கள் அதன் கழிப்பறைகளை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது நாற்காலி. இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய நாற்காலி ஒன்றின் அகலம் 50 சென்டிமீட்டர், ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே 90 சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒருவர் எடுத்துக்கொள்ளும் பரப்பு அரை சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சாய்ந்து கால் நீட்டும் ரிக்ளைனருக்கு அகலம் 75, வரிசை இடைவெளி 180 சென்டிமீட்டர் என்றால், ஒருவருக்கு ஒன்றேகால் சதுர மீட்டருக்கும் மேல். அதாவது மூன்று மடங்கு. 900 பேர் உட்கார்ந்த தரையில் இப்போது 300 பேர்தான் உட்கார முடியும்.

மின்கட்டணமும் ஊழியர் சம்பளமும் மூன்றில் ஒன்றாகக் குறைவதில்லை. மீதியை மீந்திருக்கும் 300 பேர் சேர்ந்து தர வேண்டும். இருக்கை அகலமாவதும் டிக்கெட் விலை ஏறுவதும் ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள்.

2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டு அரங்குகள் நவம்பர் 10 அன்று பாதி இருக்கைகளுடன் திறந்தபோது, ஒன்றுவிட்டு ஒன்று நாற்காலிகளில் பட்டை ஒட்டப்பட்டது. இருக்கை எண்ணிக்கை பாதியானால் ஓர் அரங்கின் பொருளாதாரம் எப்படி ஆட்டம் காணும் என்பதை அந்த மாதங்கள் எல்லோருக்கும் காட்டின.

6. ஒரு வளாகம், பல அரங்கு

சென்னை அண்ணா சாலையில் 1964-இல் சபையர், ப்ளூ டைமண்ட், எமரால்டு என்று மூன்று அரங்குகளோடு ஒரே வளாகம் எழுந்தது. இந்தியாவில் பல்லரங்க வளாகத்தின் தொடக்கமாக அதைச் சொல்வார்கள். 1970-இல் தேவி வளாகமும், 1974-இல் ராயப்பேட்டையில் ராயல் தியேட்டர் காம்ப்ளெக்ஸ் என்ற பெயரில் சத்யம், சாந்தம், சுபம் ஆகிய அரங்குகளும் வந்தன.

ஒரு திரையரங்கின் உட்புறத்தைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து திருத்தி எழுதியதற்கு, சத்யம் வளாகம் தமிழ்நாட்டின் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. மூன்று அரங்குகள் ஆறாயின. முகப்புக் கூடம், இருக்கை, படக்கருவி, ஒலி, தின்பண்டக் கூடம் ஆகியவை வெவ்வேறு ஆண்டுகளில், வளாகத்தை முழுவதும் மூடாமலே, பகுதி பகுதியாகப் புதுப்பிக்கப்பட்டன. அங்கே கற்ற பாடம் தெற்கு நோக்கியும் பரவியது. சத்யம் வளாகத்தை நடத்திய நிறுவனம் திருவான்மியூரின் பழைய தியாகராஜா அரங்கை ஏற்று, உட்புறத்தை மாற்றி எஸ்2 என்று திறந்தது. வேளச்சேரி ஃபீனிக்ஸ் வணிக வளாகத்தில் 11 திரைகளுடன் லக்ஸ் வந்தது. 2018-இல் அந்த நிறுவனத்தை பி.வி.ஆர். வாங்கியது. பல்லாவரத்தில் கிராண்ட் கலாடா வளாகத்தில் பி.வி.ஆர். திரைகள் இயங்குகின்றன. 2023 பிப்ரவரியில், மீனம்பாக்கம் விமான நிலையத்தின் பல அடுக்கு வாகன நிறுத்த வளாகத்திலேயே ஏரோஹப் என்ற ஐந்து திரை அரங்கு திறக்கப்பட்டது. அதன் மொத்த இருக்கைகள் 1,155.

இந்த எண்ணைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். முந்தைய தலைமுறையின் பெரிய ஒற்றை அரங்கில் ஒரே காட்சியில் உட்கார்ந்த கூட்டத்தின் அளவுதான் 1,155. இப்போது அந்தக் கூட்டம் ஐந்து அறைகளில், ஐந்து படங்களுக்குப் பிரிந்து உட்காருகிறது. நுழைவாயில் ஒன்று, முகப்புக் கூடம் ஒன்று, கழிப்பறை எல்லோருக்கும் ஒன்று. முதல் பகுதியில் பார்த்த சந்து வாசலும் தனிக் கேண்டீனும் இங்கே இல்லை. சமத்துவம் என்ற அளவில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்த ஒற்றை வாசலைத் தாண்ட, டிக்கெட், வாகன நிறுத்தம், இடைவேளைத் தின்பண்டம் எல்லாம் சேர்ந்த ஒரு தொகை வேண்டும். தரை டிக்கெட்காரர் முன்பு தனி வாசல் வழியாக உள்ளே வந்தார். இன்று அவருக்கு அந்தத் தனி வாசலும் இல்லை, இந்தப் பொது வாசலும் எட்டவில்லை.

தமிழ்நாடு அரசின் விலை வரம்பு இதற்கு ஓரளவு தடுப்பாக இருந்திருக்கிறது. பல ஆண்டுகள் 120 ரூபாயாக இருந்த பல்லரங்க உச்ச விலை 2017 அக்டோபரில் 150 ஆனது. நெடுங்காலம், சென்னையின் மிக ஆடம்பரமான பல்லரங்கிலும் முதல் சில வரிசைகளுக்கு 10 ரூபாய் டிக்கெட் இருந்தது. கல்லூரி மாணவர்களும் கடை ஊழியர்களும் அந்த வரிசைகளுக்காகவே விடியற்காலையில் கவுண்டரில் நின்றார்கள். அதே குளிர்காற்று, அதே ஒலி, அதே மெத்தை நாற்காலி. கழுத்தை மட்டும் சற்று நிமிர்த்த வேண்டும். தரை டிக்கெட்டின் கடைசி வாரிசு அந்த முன்வரிசைதான். சிவத்தம்பி கண்ட ‘ஒரே கூரை’யை ஓர் அரசாணை காப்பாற்றிக் கொடுத்தது.

7. புறநகர் செய்யக்கூடியது

இந்த வட்டாரத்தில் ஒற்றை அரங்குகள் பல மூடப்பட்டன. நிலத்தின் விலை டிக்கெட் விலையை எப்போதோ முந்திவிட்டது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் அதற்குள் வந்தன. மக்கள்தொகை கூடியிருக்கும் இந்த நேரத்தில், நடந்து போகும் தூரத்தில் இருக்கும் அரங்குகள் குறைந்துவருகின்றன. அதே நேரத்தில், குரோம்பேட்டை வெற்றி போன்ற அரங்குகள் பழைய இடத்திலேயே நின்று, உட்புறத்தை விடாமல் புதுப்பித்து, முதல் நாள் முதல் காட்சிக்குப் பெயர்பெற்று விளங்குகின்றன. ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்தில் வந்து இறங்குபவரும் காரில் வருபவரும் ஒரே கூடத்தில் கைதட்டுவது அங்கே இன்றும் நடக்கிறது. அப்படிப்பட்ட இடங்கள் ஓர் ஊருக்குத் தேவை.

அரங்கைப் புதுப்பிக்க முனையும் உரிமையாளர்களுக்கும் அவர்களுக்கு வரைபடம் போடும் கட்டடக் கலைஞர்களுக்கும் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கலாம்.

முதலாவது, கூடம் முழுவதையும் ரிக்ளைனராக மாற்ற வேண்டாம். பின்வரிசைகள் சிலவற்றுக்கு அது போதும். முன்பகுதியில் எளிய மெத்தை நாற்காலிகளை நெருக்கமாக வைத்தால் எண்ணிக்கையும் தங்கும், குறைந்த விலைக்கும் இடம் இருக்கும். மேலே போட்ட கணக்கு இதற்குத் துணை நிற்கும். தரையின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ரிக்ளைனருக்கு ஒதுக்கினால், 900 பேர் கூடத்தில் 700 பேர் உட்காரலாம்.

இரண்டாவது, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மக்கள் பயன்படுத்தும் தனியார் கட்டடங்களையும் பொதுக் கட்டடமாகவே கொள்கிறது. சக்கர நாற்காலிக்கான இடத்தை முதல் வரிசையின் ஓரத்தில் ஒன்று என்று முடித்துவிடாமல், நடுவிலும் பின்னாலும், வெவ்வேறு விலைகளில் தர வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்குத் துணையாக வந்தவருக்குப் பக்கத்திலேயே நாற்காலி வேண்டும். சாய்தளம் வெளியேறும் கதவு வரைக்கும் செல்ல வேண்டும்; நுழைவதற்கு மட்டும் வழி இருந்து, ஆபத்தில் வெளியேற வழி இல்லாத அரங்கு பாதுகாப்பானது ஆகாது.

மூன்றாவது, இடிப்பதற்கு முன் வரைந்து வையுங்கள். ஒவ்வொரு அரங்குக்கும் உரிமக் கோப்பு இருக்கிறது. அதில் கூடத்தின் அளவு, வகுப்புவாரியான இருக்கை எண்ணிக்கை, கதவுகளின் இடம், ஆபரேட்டர் ரூமின் வரைபடம் எல்லாம் ஒவ்வொரு திருத்தத்தின்போதும் சேர்ந்திருக்கும். தமிழகத்தின் பொழுதுபோக்கு வரலாற்றுக்கும் கட்டடக்கலை வரலாற்றுக்கும் இதைவிட நேரடியான ஆவணம் கிடைக்காது. அரங்கு இடிபட்டால் அந்தக் கோப்பைத் தேடுவோர் இருக்க மாட்டார்கள். காகிதமும் நெடுநாள் தாங்காது.

இங்கே கட்டடக்கலை, வரலாறு, காட்சித் தொடர்பியல் மாணவர்கள் வந்திருக்கிறீர்கள். சென்னைப் புறநகரில் இன்னும் நிற்கும் ஒற்றை அரங்குகளை, உரிமையாளரின் ஒப்புதலோடு அளந்து, தரை வரைபடமும் குறுக்குவெட்டு வரைபடமும் எழுதி, அங்கே பணியாற்றிய ஆபரேட்டர்கள், டிக்கெட் கிழிப்பவர்கள், கேண்டீன்காரர்களிடம் எந்த ஆண்டில் எந்தச் சுவர் எடுக்கப்பட்டது என்று கேட்டுப் பதிவுசெய்யும் வேலையை இந்தக் கல்வியாண்டிலேயே ஒரு துறைத் திட்டமாக எடுத்துக்கொள்ளலாம். பரங்கிமலையிலிருந்து தாம்பரம் வரையிலான ரயில் பாதையை ஒட்டிய அரங்குகளில் தொடங்குவது வசதியாக இருக்கும். இந்த அறக்கட்டளையும் அந்த வரைபடங்களை அச்சிட்டு நூலாக்க முன்வர வேண்டும் என்பது இவ்வுரையின் வேண்டுகோள்.